ஃப்ரான்ஸ்ல எக்ஸ்சேஞ்ச் படிக்கிறவங்க டிசம்பர் லீவுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலைங்க

நான் கடலூர். காலேஜ் பாண்டியில, தினமும் பஸ்ல போய் வந்துதான் படிச்சேன். 2024 செப்டம்பர்ல எக்ஸ்சேஞ்ச்ல லியோனுக்கு போய் ஒரு வருஷம் இருந்துட்டு வந்தேன். இப்ப ஊர்ல யார் கிளம்பினாலும் "அண்ணா டிசம்பர்ல என்ன பண்ணீங்க"ன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டு தீரல, அதான் எழுதிட்டேன். அட்மிஷன், விசா அப்பாயின்ட்மென்ட், ஃப்ளைட் டிக்கெட் எதுவும் இதுல இல்ல, அதெல்லாம் தாண்டி அங்க போய் உக்காந்துட்டீங்கன்னு வச்சுக்கிட்டுதான் சொல்றேன்.

பொதுவா டிசம்பர் 20 வாக்குல யூனிவர்சிட்டிய மூடினா ஜனவரி முதல் வாரம்தான் திறப்பாங்க. நம்மூர் பொங்கல் லீவு மாதிரின்னு நினைச்சுக்காதீங்க, பொங்கலுக்கு தெருவே வெளிய இருக்கும், அங்க தெருவே காலியாயிடும். கூட படிக்கிற ஃப்ரெஞ்ச் பசங்க எல்லாம் 20ஆம் தேதியே பெட்டிய இழுத்துக்கிட்டு வீட்டுக்கு போயிடுவாங்க. அந்த ரெண்டு வாரத்துக்கு ஊருக்கு வந்து போக டிக்கெட் விலை கட்டுப்படி ஆகாது, அதனால நம்மள மாதிரி பசங்க பாதிப் பேர் அங்கயேதான் இருப்போம்.

1. விசா வேலிடேஷன், இதை அக்டோபர்லயே முடிச்சிடுங்க

நான் மாட்டினது இங்கதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், தயவுசெஞ்சு தாண்டிப் போயிடாதீங்க.

ஒரு வருஷப் படிப்புக்கு குடுக்கிற நீண்டகால விசாவ, ஃப்ரான்ஸ்ல கால் வச்ச நாள்ல இருந்து 3 மாசத்துக்குள்ள ஆன்லைன்ல வேலிடேட் பண்ணியே ஆகணும். விசா ஒட்டிக் குடுத்துட்டாங்களே, அப்புறம் என்னன்னு தோணும், ஆனா பண்ணலன்னா 3 மாசம் முடிஞ்சதும் நீங்க அங்க சட்டப்படி இருக்கிற ஆள் இல்ல, வெளிநாடு போனா திரும்ப உள்ள வரவும் முடியாது. செப்டம்பர்ல போற எல்லாருக்கும் இந்தக் கெடு சரியா டிசம்பர்ல, லீவை ஒட்டி வந்து நிக்கும். (ஒரு செமஸ்டருக்கு மட்டும் போறவங்க ஸ்டிக்கர்ல 'திஸ்பான்ஸ்'னு தொடங்கற ஒரு வரி இருக்கான்னு பாருங்க, இருந்தா உங்களுக்கு இந்த வேலை கிடையாது.)

நான் செப்டம்பர் 3ஆம் தேதி இறங்கினேன், அப்ப டிசம்பர் ஆரம்பத்துல கெடு. உள்துறை அமைச்சகத்தோட வெப்சைட்ல கணக்கு தொடங்கி விசா நம்பர், தேதிங்க, அங்க இருக்கிற முகவரி எல்லாம் போடணும். விசா நம்பர்ங்கிறது ஸ்டிக்கர்ல மேல வலது மூலையில இருக்கிறது, பாஸ்போர்ட் நம்பரைப் போட்டுட்டு ஏன் ஏத்துக்க மாட்டேங்குதுன்னு உக்காந்திருக்காதீங்க. இதெல்லாம் பத்து நிமிஷ வேலை. கடைசியில கட்டணம் கட்டுற பக்கம் வரும், அங்கதான் நின்னுடுச்சு.

என்கிட்ட இருந்தது இந்திய பேங்க் கார்டு. ஓடிபி வர்ற சிம் அப்பா போன்ல, கடலூர்ல. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரை கடந்துச்சு, எங்க தெருவுல கரன்ட் போயிடுச்சு, அப்பா போன் சார்ஜ் இல்லாம ஆஃப் ஆயிடுச்சு. நான் இங்க ஸ்கிரீன்ல "குறியீட்டை உள்ளிடவும்"னு கேக்கிறதையே பாத்துக்கிட்டு இருக்கேன். ஓடிபி போனா போகட்டும், வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்கன்னே தெரியல. டிசம்பர் 2 காலையில சாத்தனூர் அணையில 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டிருக்காங்கன்னு செய்தி வருது, அந்தத் தண்ணி அத்தனையும் தென்பெண்ணையில நம்ம கடலூருக்குதான் வரணும்.

அன்னைக்கு சாயங்காலம் மஞ்சக்குப்பத்துல இருக்கிற சித்தப்பா போன்ல இருந்து அம்மா பேசினாங்க. மாடியில இருக்கோம், நல்லா இருக்கோம், நீ சாப்பிட்டியான்னு கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு மூளையே வேலை செஞ்சுது.

அந்தக் கட்டணத்தை கார்டுலதான் கட்டணும்னு இல்ல. அங்க 'தபா'ன்னு சிகரெட், லாட்டரி, ஸ்டாம்ப் விக்கிற சின்ன கடைங்க தெருவுக்கு ஒண்ணு இருக்கும், சிவப்பு கலர்ல சாய்சதுர போர்டு மாட்டியிருப்பாங்க. அரசாங்க மின்னணு ஸ்டாம்ப் விக்கிற கடையா பாத்து போய் "தம்ப்ரு ஃபிஸ்கால்" வேணும், மாணவர் விசா வேலிடேஷனுக்குன்னு சொன்னா போதும், ரொக்கமா வாங்கிக்கிட்டு ஒரு ரசீது குடுப்பாங்க. அதுல 16 இலக்க நம்பர் இருக்கும். அதை அந்தப் பக்கத்துல போட்டா வேலை முடிஞ்சுது. எனக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு. மூணு மாசமா தள்ளிப்போட்ட வேலை.

வேலிடேட் ஆனதும் உறுதிச் சான்று பிடிஎஃபா வரும். அதை பிரின்ட் எடுத்து பாஸ்போர்ட்டுக்குள்ள வைங்க, போன்ல இருந்தா போதும்னு விடாதீங்க. அப்புறம் அங்க போன முதல் மாசமே லோக்கல் பேங்க் கணக்கு திறந்திடுங்க. ஊர்ல இருக்கிற சிம்மை நம்பி எந்தக் கட்டணத்தையும் வைக்காதீங்க, நவம்பர் டிசம்பர்ல நம்ம கடற்கரைக்கு புயல் வராத வருஷமா இருக்கு?

2. ரூம்

டிசம்பர் 15க்குள்ள ரெசிடென்ஸ் (நம்மூர் ஹாஸ்டல் மாதிரி) ஆபீஸ்ல ரெண்டே கேள்வி கேளுங்க: லீவுல ரூம்ல இருக்கலாமா? ஆபீஸ் மூடியிருக்கிறப்ப ஏதாவதுன்னா எந்த நம்பருக்கு கூப்பிடணும்? ரெண்டாவதை நான் கேக்கல. லீவுல ஒரு நாள் காலையில ஹீட்டர் சில்லுனு கிடக்கு, ஆபீஸ் கதவுல ஜனவரி வரைக்கும் மூடல்னு பேப்பர் ஒட்டியிருக்கு. கடைசியில மூணாவது மாடியில இருந்த மொராக்கோ பையன்கிட்டதான் அந்த அவசர நம்பர் இருந்துச்சு, அவன் கூப்பிட்டு பேசினப்புறம் சாயங்காலம் ஆள் வந்தாங்க.

சுவத்துல எழுதி ஒட்டிக்க இன்னும் நாலு நம்பர்: 112 எந்த அவசரத்துக்கும், 15 ஆம்புலன்ஸ், 17 போலீஸ், 18 தீயணைப்பு. லீவு நாள்ல எந்த மருந்துக்கடை திறந்திருக்குன்னு தெரிஞ்சுக்க 3237.

3. சாப்பாடு

யூனிவர்சிட்டி கேன்டீன் லீவுல மூடிடும். சூப்பர்மார்க்கெட் 24 சாயங்காலமே சீக்கிரம் அடைச்சிடுவாங்க, 25உம் ஜனவரி 1உம் பெரும்பாலும் திறக்கவே மாட்டாங்க. 23ஆம் தேதியே நாலு நாளைக்கு வாங்கி வச்சிடுங்க. ரைஸ் குக்கர் சின்னதா ஒண்ணு அங்கயே வாங்கிடுங்க, ஊர்ல இருந்து தூக்கிட்டுப் போகாதீங்க, தடி பின் பிளக் அங்க சேராது.

அம்மா கட்டிக் குடுக்கிற மூட்டையைப் பத்தி ஒரு வார்த்தை. நெய், பால்கோவா, கறி ஊறுகாய் எதுவும் ஐரோப்பாக்குள்ள கொண்டு போகக் கூடாது, பால் சாமானும் கறியும் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் வேணாம். ஆனா மீனுக்கு 20 கிலோ வரைக்கும் விடுறாங்க, கருவாடும் அதுலதான் வருது! நான் கடலூர் ஓல்டு டவுன்ல வாங்கின நெத்திலிக் கருவாடு அரை கிலோவை மூணு கவர் போட்டு இறுக்கிக் கட்டி எடுத்துட்டுப் போனேன். செமஸ்டர் நடக்கிறப்ப பொது கிச்சன்ல அதை வதக்க மனசு வரல, மத்தவங்களுக்கு அந்த வாசனை பழக்கமில்ல. லீவுல தளமே காலி, 27ஆம் தேதி கத்திரிக்கா போட்டு கருவாட்டுக் குழம்பு வச்சேன், ஜன்னலைத் திறந்துவிட்டு குளிர்ல நின்னு தட்டை கையில வச்சுக்கிட்டே சாப்பிட்டேன். அந்த லீவுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு அதுதான்.

4. துணி

ஊர்ல ஜாக்கெட் வாங்காதீங்க. பாண்டி சண்டே மார்க்கெட்ல தொங்குறது ஊட்டிக்கு சரி. டெகாத்லான்ல தெர்மல் ரெண்டு செட், மேல போட ஒரு நல்ல கோட்டு செகண்ட் ஹேண்ட்ல, போதும். தெர்மலுக்கு உள்ள காட்டன் பனியன் வேணாம், வேர்வைய இழுத்து வச்சுக்கிட்டு இன்னும் குளிரும். ஷூ தடி சாக்ஸோட போட்டுப் பாத்து வாங்குங்க.

5. லியோன்னா டிசம்பர் 8 ஊரைவிட்டு போகாதீங்க

லியோன்ல அந்தத் தேதியை ஒட்டி நாலு நாள் விளக்குத் திருவிழா. 1852ல ஃபூர்வியேர் மலை மேல மாதா சிலை திறக்க செப்டம்பர்லதான் நாள் குறிச்சிருந்தாங்க, சோன் ஆத்துல வெள்ளம் வந்து டிசம்பர் 8க்கு தள்ளிப்போச்சு, அன்னைக்கும் மழை மிரட்ட, ஜனங்க அவங்கவங்க ஜன்னல்ல விளக்கு ஏத்தி வச்சாங்க, அதுல இருந்து வர்ற பழக்கம். இப்ப பெரிய லைட் ஷோ எல்லாம் உண்டு, ஆனா நான் சொல்றது அது இல்ல. பின்பக்கத் தெருவுக்குள்ள போங்க, ஜன்னல் விளிம்புல வரி வரியா சின்ன கண்ணாடிக் குவளை, உள்ள மெழுகுவத்தி. அப்படியே நம்ம கார்த்திகை. வீட்ல தண்ணி வடிஞ்சு சேறு வாரிக்கிட்டு இருந்த வாரம் அது, நானும் நாலு குவளை வாங்கி என் ஜன்னல்ல வச்சு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா ரொம்ப நேரம் பேசாம பாத்துக்கிட்டே இருந்தாங்க.

6. ஊர் சுத்தறது

28 வயசுக்குள்ளன்னா ரயிலுக்கு 'அவான்டாஜ் ஜூன்'ங்கிற இளைஞர் தள்ளுபடி கார்டு எடுங்க, நான் எடுத்தப்ப 49 யூரோ, டிக்கெட்டுக்கு 30 சதவீதம் குறையும், ரெண்டு தூரப் பயணத்துலயே போட்ட காசு திரும்பிடும். டிக்கெட் நவம்பர்லயே போடுங்க, கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க விலை ஏறிக்கிட்டே போகும். ராத்திரி பஸ் சீப்தான், ஆனா டிசம்பர்ல விடிகாலை 4 மணிக்கு ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்ட்ல இறக்கி விட்டா உக்கார இடம்கூட கிடைக்காது, நான் வேணாம்னுதான் சொல்வேன்.

வேலிடேட் பண்ண விசா இருந்தா ஸ்விட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி எல்லாம் போலாம். லண்டன்ல மாமா இருக்கார்னு கிளம்பிடாதீங்க, பிரிட்டனுக்கு தனி விசா வேணும், அயர்லாந்துக்கும் தனி.

பாரிஸ் போனா, லூவ்ர் மியூசியம் 26 வயசுக்குள்ள ஐரோப்பாவுல தங்கியிருக்கிறவங்களுக்கு இலவசம், மாணவர் விசாவைக் காட்டினா நாமளும் அதுல சேத்தி. நேரத்தை மட்டும் முன்னாடியே புக் பண்ணிடுங்க. செவ்வாய்க்கிழமையும் டிசம்பர் 25, ஜனவரி 1உம் மூடல்.

7. 24ஆம் தேதி சாயங்காலம் யார்கூட இருக்கப் போறீங்க

இதுக்கு பதில் டிசம்பர் 10க்குள்ள உங்ககிட்ட இருக்கணும். அஞ்சு மணிக்கே இருட்டிடும், கடை அடைச்சிடும், ஒவ்வொரு வீட்லயும் குடும்பமா உக்காந்து சாப்பிடுவாங்க. தனியா ரூம்ல இருந்தா அந்த ராத்திரி ரொம்ப நீளம். பாரிஸைச் சுத்தி பாண்டிக் குடும்பங்க தலைமுறையா இருக்காங்க, கேக்க கூச்சப்படாதீங்க. முத்தியால்பேட்டை ஃப்ரெண்டோட அத்தை வீட்டுக்கு நான் போனேன், முன்னப்பின்ன பாத்ததே இல்ல. "கடலூரா? உள்ள வாப்பா, செருப்ப கழட்டு"ன்னாங்க, அவ்வளவுதான் அறிமுகம். மறுநாளைக்கு அடுத்த நாள் பாரிஸ்ல லா ஷப்பெல்ங்கிற ஏரியாவுக்கு கூட்டிட்டுப் போனாங்க, அங்க இலங்கைத் தமிழர் கடைங்கள்ல முருங்கைக்காயில இருந்து வெத்தலை வரைக்கும் கிடைக்குது, பக்கத்துலயே மாணிக்க விநாயகர் கோயில். வெறுங்கையோட போகாதீங்க, ஒரு பெட்டி சாக்லேட்டாவது வாங்கிட்டுப் போங்க.

அப்டேட்: இதைப் படிச்சிட்டு ஒரு தங்கச்சி கேட்டா, "3 மாசம் தாண்டிடுச்சு அண்ணா, இப்ப என்ன பண்றது?" மறைக்காம உடனே யூனிவர்சிட்டியோட இன்டர்நேஷனல் ஆபீஸுக்கு போம்மா, அவங்க பாக்காத கேஸ் இல்ல. அது சரியாகிற வரைக்கும் நாட்டை விட்டு வெளிய எந்த டிக்கெட்டும் போடாத.

அப்டேட் 2: இன்னொருத்தர் நேர வித்தியாசம் கேட்டிருந்தார். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை மாத்துவாங்க, அதுக்கப்புறம் நாம நாலரை மணி நேரம் முன்னாடி. டிசம்பர் 31 சாயங்காலம் ஏழரைக்கு அலாரம் வச்சுக்கோங்க, கடலூர்ல அப்பதான் பன்னெண்டு அடிக்கும், வெடிச் சத்தத்துல அம்மா பேசுறது காதுல விழாது, கட் பண்ணாம அப்படியே வச்சிருங்க.