ஆங்கிலச் சொற்களில் குறிலா, நெடிலா? கண்டுபிடிப்பது எப்படி

கல், கால், படம், பாடம். குறிலும் நெடிலும் நம் காதுக்குச் சின்ன வயதிலேயே பழகியவை. தமிழில் எழுத்தைப் பார்த்தாலே ஓசை தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. எழுத்தில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று ஐந்தே உயிர்கள். பிரிட்டிஷ் உச்சரிப்பிலோ ஏறத்தாழ 20 உயிரோசைகள்.

படி 1: 'லாங்' என்றால் என்ன?

பள்ளியில் 'லாங் வவல்' என்று சொன்னால், அந்த எழுத்தின் பெயரே ஓசையாக வருகிறது என்று அர்த்தம். 'கைட்' (பட்டம்) என்பதில் ஐ வருகிறது, அதனால் அது லாங். 'கிட்' என்பதில் இ, அது ஷார்ட். நம் கணக்கில் இ-யை நீட்டினால் ஈ தானே வரவேண்டும், ஐ எங்கிருந்து வந்தது? முன்பு அங்கும் ஈ தான் இருந்தது. சுமார் 1400 முதல் 1700 வரை ஆங்கில நெடில்கள் எல்லாமே இடம் மாறின. 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கிய பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல நிலைத்துவிட்டது. ஓசை மட்டும் நகர்ந்துகொண்டே போனது. இன்று நாம் படும் பாட்டுக்குப் பெரிய காரணம் இதுதான்.

படி 2: சொல்லின் வடிவத்தைப் பாருங்கள்

ஓர் உயிரெழுத்து, அதன்பின் மெய்யோடு சொல் முடிகிறது என்றால் பெரும்பாலும் ஷார்ட்: பின், ஹாப், கட். அதே சொல்லின் கடைசியில் ஓர் ஈ சேர்த்தால் பைன், ஹோப், க்யூட். சேர்த்த ஈ வாய் திறக்காது, முன்னால் இருக்கும் உயிரை மட்டும் மாற்றிவிடும்.

நடுவில் மெய் இரட்டித்திருந்தால் ஷார்ட். 'டின்னர்' என்பதில் இரண்டு என், அதனால் இ. ஒரே ஒரு என் போட்டால் அது 'டைனர்' (சாப்பிடுபவர்).

இரண்டு உயிரெழுத்துகள் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் முதல் எழுத்தின் பெயர் ஒலிக்கும்: ரெயின், சீட், போட். ஆனால் ஈ, ஏ ஜோடியை ரொம்ப நம்பாதீர்கள். 'சீட்' என்பதில் ஈ, 'பிரெட்' என்பதில் எ, 'கிரேட்' என்பதில் ஏ. மூன்றிலும் எழுத்து அதே ஜோடிதான்.

'கிவ்', 'ஹேவ்' இரண்டிலும் கடைசியில் ஈ இருந்தும் ஓசை மாறவில்லையே? ஆங்கிலச் சொற்கள் வழக்கமாக வி எழுத்தில் முடிவதில்லை. அந்த ஈ சும்மா துணைக்கு நிற்கிறது.

படி 3: நீளத்தை மட்டும் கேட்காதீர்கள்

ஷிப் (கப்பல்), ஷீப் (ஆடு), ஃபுல், ஃபூல். இது நம்மூர் குறில் நெடில் போலவே தெரியும். பாதிதான் சரி. ஷீப் சொல்லும்போது உதடு இரு பக்கமும் இழுபடும், நாக்கு இன்னும் மேலே போகும். ஷிப் சொல்லும்போது இரண்டும் தளர்ந்திருக்கும். நீளத்தை மட்டும் நம்பினால் 'பீட்' (beat, அடிப்பது), 'பீட்' (bead, மாலையில் கோர்க்கும் மணி) என்ற ஜோடியில் குழம்புவீர்கள். இரண்டிலும் ஈ தான். ஆனால் மணியின் கடைசி எழுத்து டி (d), அதாவது நம் 'நாடு'வில் வரும் மென்மையான ஒலி. அதற்கு முன்னால் உயிர் தானாகவே இன்னும் நீளும்.

படி 4: தமிழில் எழுதிப் படிக்காதீர்கள்

எச், ஏ, டி (t) என்றால் தொப்பி. கூடவே ஓர் ஈ சேர்ந்தால் வெறுப்பு. தமிழில் எழுதினால் இரண்டும் 'ஹேட்' ஆகிவிடும். தொப்பிக்குத் தாடையை நன்றாக இறக்குங்கள். வெறுப்புக்கு ஏ-வில் தொடங்கி ய்-இல் வழுக்கி முடியுங்கள். நோட்டில் அகராதி தரும் உச்சரிப்புக் குறியைக் குறித்துக்கொள்ளுங்கள். உயிருக்குப் பின் முக்காற்புள்ளி மாதிரி ஒரு குறி இருந்தால் அது நீளும். 'ஹேட்' (வெறுப்பு), 'கைட்' போல வழுக்கும் ஓசைகளுக்கு அந்தக் குறி வராது. இரண்டு உயிர்க்குறிகள் அடுத்தடுத்து நிற்கும்.

படி 5: போனில் சோதியுங்கள்

குரல் தட்டச்சை ஆங்கிலத்தில் வைத்து, ஷிப், ஷீப் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். திரையில் சரியாக விழுகிறதா பாருங்கள். முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டாம். சூழலை வைத்துப் போனே யூகித்துத் திருத்திவிடும், உங்கள் உச்சரிப்பு எப்படி இருந்தது என்று தெரியாமலே போய்விடும்.