ஆண்டர்சன் பட்ட பாடுகளைக் குழந்தைகளுக்குச் சொல்வது எப்படி?

தேவதைக் கதைகளால் புகழ்பெற்ற டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் வாழ்க்கையைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் ‘ஏழையாகப் பிறந்தார், உழைத்தார், புகழ் பெற்றார்’ என்று முடித்துவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால், வறுமை அவர் ஏறிக் கடந்த ஒரு படிக்கட்டு என்ற எண்ணமே குழந்தையின் மனத்தில் நிற்கும். ஆகவே புகழைத் தள்ளிவைத்துவிட்டு, 1805 ஏப்ரல் 2 அன்று டென்மார்க்கின் ஓடென்சே நகரில் அவர் பிறந்த வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

தந்தை செருப்புத் தைப்பவர். ஆயினும் மகனுக்குக் கதைகள் படித்துக் காட்டியவர், பொம்மை நாடக அரங்கு செய்து கொடுத்தவர். பணத்துக்காக இன்னொருவருக்குப் பதிலாகப் படையில் சேர்ந்து, உடல் நலிந்து திரும்பி, 1816இல் இறந்துபோனார். தாய் ஆற்றில் நின்று ஊரார் துணிகளைத் துவைத்தார். சிறு குழந்தைகளிடம் அந்தக் குளிர்ந்த நீரோடு நிறுத்திக்கொள்ளலாம். பத்து வயதைக் கடந்தவர்களிடம், குளிரைத் தாங்க அவர் குடித்தார் என்பதையும், அந்தக் குடி பிறகு அவரை விடவில்லை என்பதையும் சொல்லலாம். ஆனால் அவரை இகழும் தொனி உங்கள் குரலில் வரக்கூடாது. ஊர் இகழ்ந்த ஒரு சலவைக்காரப் பெண்ணுக்காகப் பரிந்து ஆண்டர்சனே ஒரு கதை எழுதியிருக்கிறார்.

நிதானமாகச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1819இல் தேவாலயத்தில் நடந்த உறுதிப்பூசுதல் சடங்குக்கு (கிறிஸ்தவச் சிறுவர்கள் தம் நம்பிக்கையை உறுதிசெய்யும் சடங்கு) அவருக்கு முதன்முதலாகப் புதிய பூட்ஸ் கிடைத்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று அதைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்; அது கிறீச்சிட்டபோது, புதியது என்று ஊருக்கே தெரியும் என மகிழ்ந்தார்; கடவுளை நினைக்க வேண்டிய வேளையில் பூட்ஸை நினைக்கிறோமே என்று வருந்தவும் செய்தார். இதை அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இல்லாமை என்றால் என்ன என்பது குழந்தைக்கு எந்த விளக்கத்தையும்விட இந்தப் பூட்ஸில் நன்றாகப் புரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதே ஆண்டு, பதினான்கு வயதில், தனியாகத் தலைநகர் கோபன்ஹேகன் சென்றதையும், நாடக அரங்கில் பாட்டும் நடனமும் நடிப்பும் கைகொடுக்காமல் போனதையும் சுருக்கமாகச் சொன்னால் போதும். யோனாஸ் கொலின் என்பவரின் முயற்சியால் அரசரின் உதவி கிடைத்து, பதினேழு வயதில் ஸ்லாகெல்சே பள்ளியில் தம்மைவிட மிகச் சிறிய பையன்களோடு அமர்ந்தார். உதவி கிடைத்ததும் துன்பம் தீர்ந்தது என்று இங்கே சொல்லிவிடாதீர்கள். தலைமையாசிரியர் மைஸ்லிங் அவரை ஓயாமல் ஏளனம் செய்தார். புகழ் வந்த பிறகும் அந்த மனிதர் கனவில் வந்து அவரை வாட்டினார்.

‘அம்மா அவருடைய புகழைப் பார்த்தாரா?’ என்று குழந்தைகள் கேட்கக்கூடும். தாய் இறந்தது 1833இல். முதல் தேவதைக் கதைத் தொகுப்பு வெளிவந்தது 1835இல். பார்க்கவில்லை என்பதை மழுப்பாமல் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள்.