மருத்துவமனையில் கட்டட வேலை: தூசி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளிகள் தங்கியிருக்கும் மருத்துவமனையில் சுவரை இடிக்கும்போது எழும் தூசியை வெறும் அழுக்காக நினைப்பதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர். அந்தத் தூசியோடு அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துகளும் கிளம்புகின்றன. 2 முதல் 3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே உள்ள அவை மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் ஆழம் வரை போகும். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களை அவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்கும் அதே வித்துகள் உயிரைப் பறிக்கக்கூடிய தொற்றை உண்டாக்கும்.

பெரிய வேலைக்கு வரைபடம், கூட்டம், கையொப்பம் எல்லாம் இருக்கும். சிறிய வேலைக்கு எதுவும் இருக்காது. ஒரு கேபிள் இழுப்பதற்காக வார்டு நடைபாதையில் ஏணி போட்டு, ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றைத் தூக்கும் மின்பணியாளரை யாரும் கேள்வி கேட்பதில்லை. பலகைக்கு மேலே ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த தூசி, கீழே தள்ளிக்கொண்டு போகப்படும் நோயாளியின் மீதே விழுகிறது. என்னைக் கேட்டால் பெரிய இடிப்பு வேலையைவிட இதுதான் கூடுதல் கவலைக்குரியது. எவ்வளவு தூசி எழும், அருகிலும் மேல் கீழ்த் தளங்களிலும் எப்படிப்பட்ட நோயாளிகள் இருக்கிறார்கள் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்து, வேலை தொடங்கும் முன்பே தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு அனுமதி தர வேண்டும். ஒரு மணி நேர வேலைக்கும் இது பொருந்தும்.

வேலை நடக்கும் இடத்தைச் சுற்றித் தடுப்பு அமைப்பதில் நடக்கும் தவறு பார்த்தவுடன் தெரியாது. தரையிலிருந்து ஃபால்ஸ் சீலிங் வரை தடுப்பை நேர்த்தியாக ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேலே கான்கிரீட் தளம் வரை உள்ள இடைவெளி திறந்தே கிடக்கும். தூசி அந்த வழியாக அடுத்த வார்டின் தலைக்கு மேல் போய்ச் சேரும். ஆகவே தடுப்பு கான்கிரீட் வரை எட்ட வேண்டும். குழாயும் கேபிளும் நுழையும் ஓட்டைகளையும், வேலை நடக்கும் பகுதியிலுள்ள ஏசி காற்றுத் திறப்புகளையும் மூட வேண்டும். உள்ளேயுள்ள காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும், குறைந்தது 2.5 பாஸ்கல் வித்தியாசம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. கதவின் அடி இடுக்கில் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தால் அது உள்நோக்கி இழுபட வேண்டும். பணியாளர்கள் கிளம்பியதும் மின்சாரத்தை மிச்சப்படுத்த, இந்த அழுத்த வித்தியாசத்தை உண்டாக்கும் காற்று உறிஞ்சும் இயந்திரத்தை நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. எழுந்த தூசி அப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கும். சாமான் தூக்க வசதியாக இருக்கட்டும் என்று கதவுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்தால் அந்த அழுத்த வித்தியாசம் அடியோடு போய்விடும்.

துடைப்பத்தால் உலர்ந்த தூசியைப் பெருக்குவது, அடங்கிய வித்துகளை மீண்டும் காற்றில் ஏற்றிவிடும் வேலை. சாதாரண வேக்குவம் கிளீனரும் நுண்ணிய துகள்களைப் பின்பக்கமாக வெளியே ஊதிவிடும். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய கருவியையும் ஈர மாப்பையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். உள்ளே பயன்படுத்திய மாப் வார்டுக்குள் வரக்கூடாது. காலடித் தூசியைப் பிடிக்க வாசலில் விரித்த ஒட்டும் பாயின் மேல்தாளைத் தூசி நிறைந்ததும் உரிக்காவிட்டால், அதுவே அந்தத் தூசியைப் பரப்பும். இடிபாடுகளை மூடியுள்ள வண்டியில்தான் வெளியேற்ற வேண்டும். உணவும் நோயாளிகளும் போகும் லிஃப்டில் ஏற்றக்கூடாது.

தண்ணீரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வேலைக்காக அடைக்கப்பட்ட குழாய்களில் தேங்கும் நீரில், அதுவும் 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்போது நோயாளியின் அறைக் குழாயைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், முழு வரிசையையும் நன்றாக ஓடவிட்டுக் கழுவ வேண்டும். நனைந்த ஜிப்சம் பலகை 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் அகற்றிவிட வேண்டும். மேலே பெயின்ட் அடித்து மறைத்தால் பூஞ்சை உள்ளேயே வளரும்.

வேலை முடிந்த நாளில், திறப்பு விழா அவசரத்தில், முதலில் தடுப்பைப் பிரித்துவிட்டுப் பிறகு சுத்தம் செய்யும் இடங்கள் உண்டு. வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். தூசி படிய நேரம் கொடுத்து, சுவர், சன்னல் விளிம்பு, விளக்கு, தடுப்பின் உட்புறம் ஆகியவற்றை ஈரத்துணியால் துடைத்து, தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே தடுப்பைக் கழற்ற வேண்டும். அதுவரை உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.