கீமோ நாட்களில் தட்டைத் தள்ளிவைக்கும் பெண்ணுக்கு வீட்டார் செய்ய வேண்டியவை

தருமபுரி மாவட்டக் காரிமங்கலத்தில் என் அக்கா மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த மாதங்களில், களி உருண்டையை விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவார். மருந்தின் குமட்டல் என்றே எல்லோரும் எண்ணினோம். கல்லூரி நாட்களில் உடல் பருத்துவிடுமோ என்ற பயத்தில் பட்டினி கிடந்ததையும், உண்டதை விரல்விட்டு வாந்தி எடுத்ததையும் மூன்றாவது ஊசிக்குப் பிறகுதான் சொன்னார். முடி கொட்டி, ஸ்டீராய்டால் முகம் உப்பிய நேரத்தில் அந்தப் பழைய உணவுக் கோளாறு மீண்டும் தலைதூக்கியிருந்தது.

முதலில் இரண்டையும் பிரித்தறியுங்கள். குமட்டல் உள்ளவர் சாப்பிட வேண்டும் என்றுதான் இருக்கிறது, ஆனால் இறங்கவில்லை என்பார். வேறொன்றைக் கொடுத்தால் முயன்று பார்ப்பார். கோளாறு உள்ளவரோ எண்ணெய் எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்பார், எடை குறைந்ததில் நிம்மதி அடைவார், சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் சென்று குழாயைத் திறந்துவிடுவார். இதைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்கக் கூடாது; மாலையில் தனியாக இருக்கும்போது, குற்றம் சாட்டும் குரலின்றிக் கேளுங்கள்.

தெரிந்ததை அடுத்த கீமோவுக்கு முன்பே, அவருடைய சம்மதத்தோடு, மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பல கீமோ மருந்துகளின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்தே கணக்கிடுகிறார்கள். அடிக்கடி வாந்தி எடுப்பவருக்குப் பொட்டாசியம் குறையும். அந்த நிலையில், வாந்தியை நிறுத்தத் தரப்படும் ஒண்டான்செட்ரான் போன்ற மருந்து இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்பதால், இரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் தேவையா என்று நீங்களே கேளுங்கள். பல நாட்கள் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாதவருக்கு வீட்டில் திடீரென்று நிறைய ஊட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் என்னும் தாது உப்பு அபாயகரமாகச் சரியக்கூடும். ஆகவே உணவைக் கூட்டும் வேகத்தை மருத்துவமனையே முடிவு செய்ய வேண்டும். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பட்டினி போட்டால் கட்டி செத்துவிடும் என்று சொல்லும் உறவினர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். உண்ணப் பயப்படுகிற பெண்ணுக்கு அந்தப் பேச்சு ஒரு கௌரவமான சாக்காகிவிடுகிறது. இளவயதில் அனோரெக்சியாவுக்காக, அதாவது எடை கூடும் பயத்தில் பட்டினி கிடக்கும் நோய்க்காக, மருத்துவமனையில் சேர்ந்த பெண்களிடம் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் குறைவாக இருந்ததாக 2004-இல் ஒரு ஸ்வீடன் ஆய்வு கூறியது உண்மைதான்; ஆனால் அது நோய் வருவதைப் பற்றியது. நோய் வந்தபின் மெலிந்தவரின் உடல் சிகிச்சையைத் தாங்குவது கடினம். சிகிச்சையில் இருப்பவருக்குப் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், ஒரு கிராமுக்குக் குறையாத புரதமும் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 1,250 முதல் 1,500 கலோரி. மருத்துவர் சரி என்றபின், நம் களியோடு அவரைக்கொட்டைக் குழம்பு, முட்டை, பால் என்று சிறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் எடை பாருங்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதம், அதாவது 50 கிலோவில் இரண்டரைக் கிலோ, தானாகக் குறைந்தாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது. மனநல ஆலோசனைக்கு, அரசின் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்கத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். எடை எண்ணை வாய்விட்டுச் சொல்லாதீர்கள். என் அக்கா எடைக்கருவிக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். நான் குறித்துக்கொண்டு நோட்டை மூடிவிடுவேன்.