டிரையர் ஃபில்டர்: பஞ்சை எடுத்த பிறகும் மிச்சமிருக்கும் வேலை

குளியல் துண்டுகளை டிரையரில் போட்டு எடுத்த பிறகு ஃபில்டரைப் பார்த்திருப்பீர்கள். மெத்தென்று ஒரு பஞ்சுப் படலம். ஓரத்தில் விரலை வைத்து உருட்டினால் பாய் சுருட்டுவதுபோல முழுசாகக் கழன்று வரும். மனசுக்கு ஒரு திருப்தி. பெரும்பாலானோர் அதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

துணியின் ஈரத்தை வாங்கிக்கொண்ட காற்று அந்த வலையைத் தாண்டித்தான் போகவேண்டும். வலை அடைத்தால் காற்று திணறும். துணி காய நேரமாகும், மின்சாரம் கூடும், உள்ளே சூடு தேங்கும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான விபத்துகளை ஆராய்ந்தபோது, அங்கே குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் நடப்பதாகக் கணக்கிட்டது. அதில் 34 சதவீதம், முதலிடத்தில் இருந்த காரணம், சுத்தம் செய்யாமல் விட்டது. பஞ்சு எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் 'ரெண்டு மூணு லோடுக்கு ஒரு தடவை எடுத்தால் போதும்' என்ற கணக்கு வேண்டாம். துணியை எடுத்த கையோடு ஃபில்டரையும் உருவிவிடுங்கள். அடுத்த முறை பார்க்கலாம் என்று விட்டால் கட்டாயம் மறக்கும்.

சரி, தினமும் எடுப்பவர்களும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. துணியோடு டிரையருக்குள் போடும் வாசனைத் தாளான டிரையர் ஷீட், துவைக்கும்போது ஊற்றும் சாஃப்டனர் இரண்டிலும் துணியை வழவழப்பாக்கும் மெழுகு போன்ற பொருள் இருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக வலையிலும் படியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. நானும் ஃபில்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, பளிச்சென்று இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவன்தான். ஒருநாள் குழாயடியில் பிடித்தபோது தண்ணீர் வலை மேலேயே குளம் கட்டி நின்றது. தண்ணீரே இறங்காத இடத்தில் காற்று எப்படித் தாராளமாகப் போகும்? இந்தச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். தண்ணீர் நின்றால், வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, பழைய டூத்பிரஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். கத்தி, கம்பி நார் பக்கம் போகவே கூடாது. கழுவுவதற்கு முன் பஞ்சை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிங்க் அடைத்துக்கொள்ளும். அப்புறம், ஃபில்டர் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டவேண்டும். ஈர வலையில் பஞ்சு அப்பிக்கொண்டு கிளம்பாது.

சில டிரையர்களில் ஃபில்டர் புத்தகம்போல விரியும், அல்லது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இருக்கும். காற்றை வெளியே தள்ளாமல் ஈரத்தை உள்ளேயே தண்ணீராகப் பிரிக்கும் ஹீட் பம்ப், கண்டென்சர் வகைகளில் இதைப் பார்க்கலாம். வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. ஓரத்தில் சின்னக் கொக்கி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஃபில்டர் உட்காரும் பள்ளத்திலும் பஞ்சு உதிர்ந்து கிடக்கும். வேக்யூம் கிளீனரின் ஒடுங்கிய முனையை அவ்வப்போது உள்ளே விட்டு உறிஞ்சி எடுங்கள். வலை கிழிந்திருந்தால் ஒட்டுப் போடாமல் புதிதாக வாங்கிவிடுவதே மேல். ஃபில்டர் இல்லாமல் 'ஒரே ஒரு தடவை' ஓட்டுவதும் வேண்டாம். அந்தப் பஞ்சு மின்விசிறிக்கும் ஹீட்டருக்கும் போய்ச் சேரும்.

ஹீட் பம்ப் டிரையரில் தப்பும் பஞ்சு உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளில் படியும். அவை விரல் பட்டாலே வளையும், விளிம்பும் கூர்மை. மென்மையான பிரஷால், தகடு ஓடும் திசையிலேயே இழுக்கவேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது மாடலுக்கு மாடல் மாறும். கூட வந்த கையேட்டை அதற்காகவாவது ஒருமுறை திறந்து பாருங்கள்.

காற்றை வெளியே தள்ளும் வகை டிரையர் என்றால் பின்பக்கக் குழாயையும் கவனியுங்கள். ஃபில்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நுண்ணிய இழைகள் தப்பிப்போய் அங்கே படியும், குறிப்பாக வளைவுகளில். வருஷத்துக்கு ஒருமுறையாவது கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். டிரையரைச் சுவரோடு தள்ளி அந்தக் குழாயை நசுக்குவது, மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாயை மாட்டுவது, பூச்சி வராமல் இருக்க வெளி முனையில் வலை கட்டுவது என்று எல்லாமே பஞ்சு சேர வழி செய்பவை. டிரையர் ஓடும்போது வெளியே போய்ப் பாருங்கள், குழாய் முனையின் மூடி திறந்து சூடான காற்று வேகமாக வரவேண்டும்.

துணி ஈரமாக இருக்கும்போதே டிரையர் நின்றுவிடுகிறதா? ஈரத்தை உணரும் சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட அவசரம் வேண்டாம். துணி சுற்றும் டிரம்முக்குள் விரல் நீளத்தில் இரண்டு உலோகப் பட்டைகள் தெரிந்தால் அவைதான் சென்சார், அவற்றின்மேலும் அதே மெழுகுப் படலம் இருக்கலாம். மின் இணைப்பை எடுத்துவிட்டு, வினிகர் தொட்ட துணியால் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

டிரம் சுற்றுகிறது, சூடு மட்டும் வரவில்லை என்றால் சூடு மிஞ்சினால் அறுந்துகொள்ளும் பாதுகாப்பு ஃபியூஸ் போயிருக்கலாம். சூடு தேங்க வைத்த அடைப்பை எடுக்காமல் ஃபியூஸை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் அதுவும் சீக்கிரம் போகலாம். மெக்கானிக்கைக் கூப்பிட்டால், குழாயையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.