பம்பிங் குறைந்த இதயத்துக்கு யோகா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரடைப்புக்குப் பிறகோ, பல வருட ரத்த அழுத்தத்தாலோ, சில சமயம் ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகோ இதயத் தசை தளர்ந்து போகும். உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும். இதைத்தான் இதயச் செயலிழப்பு என்கிறோம். வீடுகளில் ‘பம்பிங் குறைஞ்சிருக்கு’ என்பார்கள். எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பார்கள். 55 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டிய அந்த எண் 40, 30, சிலருக்கு 20 என்று வந்து நிற்கும். எண் சரியாக இருந்தும் தசை விறைத்துப் போனதால் மூச்சு வாங்குகிறவர்களும் நிறையப் பேர் உண்டு.

இவர்களுக்கு யோகா உதவுமா? உதவும் என்றுதான் நான் நினைக்கிறேன், அதற்கு ஆதாரமும் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு 12 வாரம் யோகப் பயிற்சி கொடுத்துப் பார்த்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயிற்சி செய்தவர்களின் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் குறைந்தன, இதயத்தை அமைதிப்படுத்தும் நரம்புகளின் வேலை கூடியது. ஆனால் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நோயாளிக்கென்று அமைத்த பயிற்சி. டிவியில் காலை 6 மணிக்கு வருவதையோ, பார்க்கில் நாற்பது பேர் சேர்ந்து செய்வதையோ அப்படியே செய்தால் அதே பலன் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. நான் பார்த்த வரையில் சிக்கல்கள் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களுக்கான யோகாவை நல்ல நம்பிக்கையோடு அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் வருகின்றன.

மாத்திரையை விட்டுவிடுவது

இதைவிட ஆபத்தான தவறு வேறு எதுவும் இல்லை, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். யோகா ஆரம்பித்து மூன்று மாதத்தில் மூச்சு வாங்குவது குறைகிறது. பிரஷர் 110/70க்கு வருகிறது. அடுத்த எக்கோவில் 30 சதவீதம் 48 ஆகியிருக்கிறது. ‘இனி எதுக்கு இத்தனை மாத்திரை?’ என்று தோன்றுவது இயல்புதான். சிலர் ஒவ்வொன்றாகக் குறைப்பார்கள், சிலர் ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள்.

லண்டனில் இதே கேள்வியை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இதயத் தசை நோய் வந்து, மருந்துகளால் பம்பிங் முழுமையாகத் தேறி, எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தவர்களிடம், மருத்துவர் கண்காணிப்பிலேயே மருந்துகளைப் படிப்படியாக நிறுத்தினார்கள். நிறுத்தச் சொன்ன 25 பேரில் 11 பேருக்கு ஆறே மாதத்தில் நோய் திரும்பிவிட்டது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அந்த ஆறு மாதத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. 2018இல் வெளிவந்த ஆய்வு இது. தேறிவிட்ட இதயத்தைத் தேறிய நிலையிலேயே பிடித்து வைத்திருப்பது அந்த மாத்திரைகள்தான். அதிலும் மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், கார்விடிலால் போன்ற, நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் நாடி தாறுமாறாக ஓடும், நெஞ்சுவலி வரும், இன்னொரு மாரடைப்பு வரைகூடப் போகலாம்.

யோகாவால் இதய நோயாளிகளுக்கு நன்மை என்று சொன்ன ஜிப்மர் ஆய்விலும் எல்லோரும் வழக்கமான மருந்துகளோடுதான் யோகா செய்தார்கள். பிரஷர் ரொம்பவும் இறங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதற்குள்ளேயே இன்னொரு சின்னத் தவறும் உண்டு. நீர் மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்தில் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டிவரும். வகுப்பில் நடுவில் எழுந்து போகச் சங்கடப்பட்டு, வகுப்பு உள்ள நாட்களில் மட்டும் அதைப் போடாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் இப்படி விட்டால் காலில் வீக்கம் ஏறிவிடும். வகுப்பை முடித்துவிட்டு வந்து போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ‘சரி’ என்றுதான் சொல்வார்.

மூச்சை அடக்குவதும் வேகமாக விடுவதும்

பிராணாயாமம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கபாலபாதி, பஸ்திரிகா. வயிற்றைச் சுண்டிச் சுண்டி வேகமாக மூச்சை வெளியே தள்ளுவது. இவை நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிற பயிற்சிகள். தளர்ந்த இதயத்துக்குத் தேவையானது இதற்கு நேர் எதிரானது.

கும்பகம் இன்னும் கவனிக்க வேண்டியது. மூச்சை இழுத்துப் பிடித்து அடக்கும்போது, அதுவும் வயிற்றை இறுக்கிப் பூட்டுவது போன்ற பந்தம் போட்டுச் செய்யும்போது, மார்புக்குள் அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. மூச்சை விட்டதும் தேங்கி நின்ற ரத்தம் மொத்தமாக உள்ளே பாய்கிறது. நல்ல இதயம் இதைச் சில துடிப்புகளில் சமாளித்துவிடும். பம்பிங் குறைந்த இதயத்தால் அது முடியாமல் போகலாம். தலை சுற்றும், படபடக்கும், துடிப்பு ஒழுங்கு தவறலாம். மலச்சிக்கலில் முக்க வேண்டாம் என்று இதய நோயாளிகளுக்குச் சொல்வதும் இதே காரணத்தால்தான். 16 எண்ணி அடக்கு, 32 எண்ணி அடக்கு என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

பலன் தருவது மெதுவான மூச்சு. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் குழுவினரும் 1998இல் ‘லான்செட்’ இதழில் எழுதியது இந்தத் துறையில் முக்கியமான ஒன்று. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற வேகத்தில் சுவாசித்தபோது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு கூடியது. ஒரு மாதம் பயிற்சி செய்தவர்களால் கூடுதலாக உழைக்கவும் முடிந்தது.

செய்வது எளிது. கைப்பிடி உள்ள நாற்காலியில் முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதிய உட்காருங்கள். ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை இழுங்கள், கை மெல்ல மேலே வர வேண்டும். நிறுத்தாமல் 6 எண்ணும் வரை விடுங்கள். தோள் தூக்கினால் வலிந்து இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். முதல் வாரத்தில் 4–6 எண்ணிக்கை வராது, 3–4 வந்தாலே போதும். மூச்சு பற்றாமல் இடையில் ஒரு பெருமூச்சு வந்தால் வரட்டும், அடக்காதீர்கள். 5 நிமிடத்தில் ஆரம்பித்து 15 நிமிடம் வரை கொண்டுபோகலாம். மூக்கின் இரு துவாரங்களிலும் மாற்றி மாற்றிச் சுவாசிக்கும் நாடி சுத்தியும் அடக்குதல் இல்லாமல் செய்தால் நல்லது. வண்டு போல ரீங்கரித்து மூச்சை விடும் பிராமரியும் அப்படியே.

தட்டையாகப் படுப்பது, குனிவது, தலைகீழாவது

இரவில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து தூங்குகிறவரை, வகுப்பின் முடிவில் ஜமுக்காளத்தில் மல்லாக்கப் படுத்துச் சவாசனம் செய்யச் சொல்கிறார்கள். படுத்ததும் காலில் இருந்த ரத்தம் மார்புக்குத் திரும்புகிறது, நுரையீரலில் நெருக்கடி ஏற்பட்டு மூச்சு முட்டுகிறது. அவரும் ‘ஓய்வுதானே, பழகிவிடும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். இது பழகுகிற விஷயமே இல்லை. சுவரோரமாகத் தலையணைகளை அடுக்கி, தலையும் முதுகும் 45 டிகிரிக்குச் சாய்ந்திருக்க, முழங்காலுக்கு அடியில் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்துக்கொண்டால் அதுவும் சவாசனம்தான். நாற்காலியிலேயே கண்ணை மூடி உட்கார்ந்தாலும் தப்பில்லை. எழும்போது வலது பக்கம் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழுங்கள். இதயம் பலவீனமானவர்களில் பலருக்கு இடது பக்கம் படுத்தால் மூச்சு வாங்கும். தவிர, இவர்கள் சாப்பிடும் மருந்துகளால் சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கிக் கண் இருட்டும்.

குனிவதற்கும் இது பொருந்தும். செருப்பு வாரை மாட்டக் குனிந்தால் மூச்சு முட்டுகிறது, நிமிர்ந்ததும் சரியாகிவிடுகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. தொப்பையால் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் டாலஸ் நகர மருத்துவர்கள் 2014இல் இதை அளந்து பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து பாதத்தைத் தொடச் சொன்னதில், 102 இதயச் செயலிழப்பு நோயாளிகளில் 29 பேருக்கு அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டியது. அவர்களுக்கு இதயத்துக்குள் அழுத்தம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. ஆகவே நின்று குனியும் பாதஹஸ்தாசனத்திலோ உட்கார்ந்து குனியும் பச்சிமோத்தானாசனத்திலோ மூச்சு முட்டினால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய ஓர் அறிகுறி. உடம்பு வளையவில்லை என்று இன்னும் அழுத்தி வளைக்கக் கூடாது. சூரிய நமஸ்காரத்தில் குனிவதும் நிமிர்வதும் மாறி மாறி வருவதால் இவர்களுக்கு அது தொடக்கப் பயிற்சியாக இருக்கவே கூடாது.

சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், சுவரில் காலைத் தூக்கி வைக்கும் விபரீதகரணி நான்கையும் விட்டுவிடுங்கள். கால் வீக்கம் வடியட்டும் என்று விபரீதகரணி செய்யச் சொல்பவர்கள், வடிகிற ரத்தம் அந்தத் தளர்ந்த இதயத்துக்குத்தான் போகிறது என்பதை யோசிப்பதில்லை.

தண்ணீரும் உப்பும்

யோக வகுப்புகளோடு ஒட்டிக்கொண்டே வரும் சில பழக்கங்கள் ஆசனங்களைவிடத் தொல்லை தரும். காலையில் எழுந்ததும் ஒரு லிட்டர் தண்ணீர் குடிப்பது அதில் ஒன்று. மருத்துவர் ஒரு நாள் முழுவதற்கும் ஒன்றரை லிட்டர் என்று அளவு சொல்லியிருந்தால், பொழுது விடியும் முன்பே அதில் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்துவிட்டது. சங்கப்பிரட்சாளனம், வமன தௌதி என்று உப்புத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடிக்கும் கிரியைகளின் பக்கமே இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் போகக் கூடாது. இந்துப்பானாலும் அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் உப்புதான். தொண்டைக்கு நல்லது என்று கொடுக்கும் அதிமதுரக் கஷாயம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும். டிகாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது நேரடி ஆபத்து.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறியிருந்தால் அது சதை அல்ல, தேங்கிய நீர். அன்றைக்கு யோகா வேண்டாம், மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

யோகா செய்கிறேனே, நடை எதற்கு?

மெதுவான யோகாவில் இதயத்துக்கும் காலின் தசைகளுக்கும் கிடைக்கும் உழைப்பு குறைவு. நடையும் சேர்ந்தால்தான் படி ஏறும் தெம்பு வரும். 2009இல் வெளியான, 2331 நோயாளிகள் பங்கேற்ற பெரிய ஆய்வு ஒன்று, நிலைமை சீராக இருக்கும் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு நடை, சைக்கிள் போன்ற பயிற்சிகள் பாதுகாப்பானவை, வாழ்க்கைத் தரத்தை உயர்த்துபவை என்று காட்டியது. யோகாவிடம் அதனால் முடியாததை எதிர்பார்ப்பதும் கூடாது. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த கிட்டத்தட்ட 4000 பேரிடம் நடந்த யோகா ஆய்வு 2020இல் வெளியானது. யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நலத்தைப் பற்றி நன்றாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் கூடியது. இறப்பும் மறு மாரடைப்பும் குறைந்தன என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை. பயமில்லாமல் கடைக்குப் போய் வர முடிவது நோயாளிக்குச் சின்ன விஷயம் இல்லை.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு நாடியைப் பிடித்துக் கணக்குப் போடாதீர்கள். பீட்டா பிளாக்கர் சாப்பிடும்போது நாடி அவ்வளவாக ஏறாது, உடம்பு களைத்த பிறகும் குறைவாகவே நிற்கலாம். பயிற்சியின்போது ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வரைக்கும் அசதி நீடித்தாலும் அளவு மிஞ்சிவிட்டது என்றுதான் பொருள்.

பைபாஸ் ஆனவர்கள் நெஞ்சு எலும்பு கூடும்வரை, அதாவது இரண்டு மூன்று மாதங்களுக்கு, புஜங்காசனம் போல மார்பை விரிக்கும் ஆசனங்களைத் தொட வேண்டாம். பேஸ்மேக்கரோ ஷாக் கொடுக்கும் கருவியோ புதிதாகப் பொருத்தியிருந்தால், அந்தப் பக்கத்துக் கையை முதல் சில வாரங்களுக்குத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. வால்வு மிகவும் சுருங்கிப் போனவர்களும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறவர்களும் மருத்துவர் சரி சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். பயிற்சியின் நடுவில் நெஞ்சுவலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே நிறுத்தி 108ஐக் கூப்பிடுங்கள்.

யாரிடம் கற்பது என்று கேட்டால், தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. யோகா, இயற்கை மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர்கள் அங்கே பார்க்கிறார்கள். தனியார் வகுப்பாக இருந்தால், கடைசி எக்கோ ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் எடுத்துப் போய் ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் அதை வாங்கிப் பார்த்து நாலு கேள்வி கேட்டால் சேரலாம். பார்க்காமலே ‘இதெல்லாம் யோகாவில் போயிடும்’ என்றால் வேறு ஆசிரியரைத் தேடுங்கள்.