பழைய நிழலுருவ ஓவியங்கள்: கழற்றாதீர்கள், துடைக்காதீர்கள்

புகைப்படம் வருவதற்கு முன்பு, ஒருவரின் பக்கவாட்டு முகத்தைக் கறுப்பு வண்ணத்தில் தீட்டிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஓவியர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். அந்த நிழலுருவங்களைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் செய்யும் மோசமான தவறு, அழுக்காக இருக்கிறதே என்று பிரேமைக் கழற்றித் துடைப்பது. தயவுசெய்து வேண்டாம். லண்டன் ஃப்ளீட் தெருவில் இருந்த இசபெல்லா பீதம் போன்றவர்கள் கண்ணாடியின் உள்பக்கத்திலேயே தீட்டினார்கள். அங்கே ஈரத்துணி பட்டால் முகமே போய்விடும். ஜான் மியர்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டர் தகட்டில் தீட்டினார். அதற்கும் ஈரம் ஆகாது. வெளிக்கண்ணாடியை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். திரவத்தைத் தெளித்தால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

பின்பக்கத்துப் பழைய காகிதத்தைக் கிழிப்பதும் பெரிய இழப்பு. ஓவியரின் லேபிள் இருப்பது அங்கேதான். மியர்ஸ் லீட்ஸ், எடின்பரோ, பிறகு லண்டன் என்று இடம் மாறியவர். அதனால் லேபிளில் உள்ள முகவரியை வைத்தே காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

அதற்காக லேபிளைக் கண்மூடித்தனமாக நம்பவும் கூடாது. ஒரு பிரேமில் இன்னொரு படத்தைச் செருகி விற்பவர்கள் உண்டு. அப்புறம், மியர்ஸ் தான் வரைந்த மூலங்களைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்டவர்களுக்குப் பிரதி தீட்டிக் கொடுத்தார். ஆகவே உடையும் சிகையும் லேபிளைவிடப் பழையவையாகத் தெரிந்தால் உடனே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பின்னாளில் வாங்கிய நேர்மையான பிரதியாக இருக்கலாம்.

பூதக்கண்ணாடி இல்லாமல் வாங்குவதும் தவறுதான். மியர்ஸின் வேலையில் முகம் அடர்கறுப்பு; முடியும் உடையின் லேஸும் மெலிந்து சாம்பல் நிறமாகக் கரையும். எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது அந்த மென்மைதான். அதற்குப் பதிலாக வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப்படம்.

சில படங்கள் யானைத் தந்தத்தில் தீட்டப்பட்டவை. பிரிட்டனில் 1918க்கு முற்பட்ட, 320 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத தந்த உருவப்படங்களைப் பதிவு செய்தால்தான் விற்க முடியும். இந்தியாவில் தந்த வணிகத்துக்கே தடை. இங்கிருந்து சேகரிப்பவர்கள் தாள், பிளாஸ்டர், கண்ணாடி ஆகியவற்றில் தீட்டியவற்றை மட்டும் தேடுங்கள்.